குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த கரி அடுப்பு

ஏப்ரல் கடைசியில் கனடாவின் ஸ்காபரோவில் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். உணவகச் சமையலறைகளில் சுகாதாரப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆனால் மே மாத விக்டோரியா தின விடுமுறை நெருங்க நெருங்க, கேள்விகள் வீட்டுப் பின்வளவுகளில் இருந்துதான் வரும். "அக்கா, பார்பிக்யூவைத் திறந்தால் உள்ளே வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்குது. கரியைப் போட்டு நல்லாய்க் கொளுத்தினால் எல்லாம் செத்துப்போகும்தானே?"

செத்துப்போகும். ஆனால் செத்தது அங்கேயேதான் கிடக்கும். நெருப்பு பட்டால் எல்லாம் சுத்தம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. சில பூஞ்சணங்கள் விடும் நச்சுப்பொருள் சாதாரண சமையல் சூட்டில் அழியாது. அதனால் எரிப்பது பாதி வேலை. தேய்த்துக் கழுவுவது மீதிப் பாதி.

போன வசந்தத்தில் ஒரு வீட்டில் பார்பிக்யூவின் வட்ட மூடியைத் தூக்கியதும் பழைய எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி ஒரு வாடை. கம்பிகளில் செப்டம்பர் மாதக் கோழியின் மசாலா ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் சாம்பல் பச்சையில் மெல்லிய பஞ்சு. அடியில் சாம்பல் ஈரம் குடித்துச் சீமெந்து போல இறுகியிருந்தது. மிஞ்சிய கரிக்கட்டிகளிலும் வெள்ளைப் பூஞ்சணம். பிரிக்கெட் என்று விற்கிற கட்டிகள், கரித்தூளோடு மாப்பொருள் சேர்த்து அழுத்திச் செய்தவை. ஈரம் பட்டால் அந்த மாதான் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. பூத்த கரியைக் காயவைத்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். மூடியின் உட்புறம் கறுப்பாய் உரிவது பூஞ்சணமில்லை, பெயின்டுமில்லை. கருகிப் படிந்த கொழுப்பு. அதைச் சுரண்டி எடுத்தால் சரி.

முதலில் கையுறையும் என்95 மாஸ்க்கும் போடுங்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் தூரிகையால் தட்டினால் வித்துகள் நேரே மூக்குக்குள் போகும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சவர்க்காரத் தண்ணீரை லேசாகத் தெளித்து நனைத்துவிட்டு, பழைய கரியையும் சாம்பலையும் பையில் கட்டி எறியுங்கள். அப்புறம் புதுக் கரியைக் கொளுத்தி, காற்றுத் துளைகளை முழுக்கத் திறந்து, மூடியை மூடி அரைமணி நேரம் நல்ல சூட்டில் விடுங்கள். அந்தப் புகை வீசும் பக்கம் நிற்கவேண்டாம்.

இதைச் செய்ய அடுப்பைக் கராஜுக்குள் இழுக்காதீர்கள். வெளியே குளிர்கிறது, கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. கரித் தணலில் இருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. பாதிக் கதவு அதை வெளியேற்றப் போதாது. தலையிடி என்று உட்கார்ந்தவர் எழும்பாமலே போகலாம்.

முழுக்க ஆறிய பிறகுதான் தண்ணீர். சூடான எனாமல் பூச்சில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போதும். பிளீச் வேண்டாம், உலோகத்தை அரிக்கும், வினாகிரியோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும். கம்பித் தூரிகையையும் தள்ளி வையுங்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு மருத்துவமனையில் 2011 மார்ச்சுக்கும் 2012 ஜூனுக்கும் இடையில் ஆறு பேர், தூரிகையில் இருந்து உதிர்ந்த கம்பியை இறைச்சியோடு விழுங்கிச் சிகிச்சைக்கு வந்தார்கள். சிலரின் குடலையே அது துளைத்திருந்தது. கசக்கிய அலுமினியத் தாளே நல்லாய்த் தேய்க்கும். துடைத்துக் காயவைத்து, சமைக்கிற அன்று வெறும் அடுப்பை இன்னொரு தடவை கால்மணி நேரம் சூடாக்குங்கள். கம்பி துருவேறி உதிர்ந்தால் புதிது வாங்குங்கள்.

ஒக்டோபரில் கடைசியாகச் சமைத்த பிறகு, சாம்பல் முழுக்க ஆற இரண்டு நாள் விட்டு அள்ளுங்கள். ஈரச் சாம்பல் இரும்பையும் தின்னும். கம்பிகளைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். மீதிக் கரி மூடி இறுகிய வாளியில் இருக்கட்டும். அடுப்புக்கு உறை போடுவதென்றால் உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகு போடுங்கள்.