பேக்கப்பை டீமன்செட்ல போடாதீங்கப்பா, கெஞ்சிக் கேக்குறேன்

குபர்னெட்டீஸ்ல (நிறைய மெஷினைச் சேர்த்து ஆப்களை ஓட்டுற சிஸ்டம்) மறுபடியும் அதே கேஸ். ராத்திரியானா டேட்டாபேஸ் திணறுதுன்னு கூப்பிட்டாங்க, உள்ள போய்ப் பார்த்தா பேக்கப் ஸ்கிரிப்டை டீமன்செட்டா (ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு காப்பி ஓட்டுறது) போட்டு வெச்சிருக்காங்க, சுத்தி ஒரு முடிவே இல்லாத லூப், கடைசி வரில ஸ்லீப் 86400, அதாவது ஒரு நாள் தூங்கு. கிளஸ்டர்ல 12 நோடு, அதாவது 12 மெஷின். ஓடுற ஒவ்வொரு காப்பியும் ஒரு பாட், அந்த 12 பாடும் ஒரே டேட்டாபேஸை இழுத்து, பொது ஸ்டோரேஜ்ல ஒரே ஃபைல் பேர்ல ஒண்ணு மேல ஒண்ணு எழுதுது. ஆட்டோஸ்கேலர் புது நோடு சேர்த்தா பட்டப்பகல்லயே இன்னொண்ணு கிளம்பும்.

ஏன் இப்படின்னு கேட்டா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "ஒரு நோடு போனாலும் இன்னொண்ணுல ஓடும்ல, சேஃப்டிக்கு சார்". அய்யா, டீமன்செட்ங்கிறது ஸ்பேர் இல்ல. நோடுக்கு ஒரு காப்பி, அவ்ளோதான் அதோட வேலை, அந்த நோடு செத்தா அதோட பாடும் சேர்ந்து போகும், வேற நோடுக்கு மாறாது, ஏன்னா அங்க ஏற்கனவே ஒண்ணு ஓடுது. நீங்க தேடுற சேஃப்டி க்ரான்ஜாப்லதான் (குறிச்ச நேரத்துக்கு வேலையைக் கிளப்புறது) இருக்கு, நோடு விழுந்தா ஜாப் கண்ட்ரோலர் வேற இடத்துல புது பாட் எழுப்பும், ஃபெயில் ஆனா டீஃபால்டாவே 6 தடவை ரீட்ரை.

லூப் இல்லாம விட்டா இன்னும் கூத்து. டீமன்செட்ல ரீஸ்டார்ட் பாலிசி ஆல்வேஸ் மட்டும்தான், ஸ்கிரிப்ட் ஒழுங்கா முடிஞ்சாலும் திரும்பத் திரும்ப எழுப்பி கிராஷ்லூப்பேக்ஆஃப்னு, அதாவது விழுந்து விழுந்து எழுதுன்னு காட்டும்.

வேலை நோடுக்கா கிளஸ்டருக்கா, அதை மட்டும் கேளுங்க. ஃப்ளூயன்ட் பிட், நோட் எக்ஸ்போர்ட்டர் மாதிரி அந்தந்த மெஷினோட லாக்கையும் மெட்ரிக்கையும் எடுக்குறதுன்னா டீமன்செட். (லாக் எடுக்க க்ரான்ஜாப் போட்டவரும் உண்டு, எந்த நோடுல விழுதோ அந்த லாக் மட்டும் கிடைக்கும்.) பழைய கன்டெய்னர் இமேஜ் அழிக்கணும்னா ரெண்டுமே வேணாம், டிஸ்க் 85% தாண்டினா நோடுக்கு நோடு ஓடுற க்யூப்லெட்டே அழிக்கும்.

க்ரான்ஜாப் போடும்போது கன்கரன்சி பாலிசியை ஃபர்பிட்னு வைங்க, டீஃபால்ட் அலௌ, முந்தின ரன் முடியாமலே அடுத்தது கிளம்பிடும். டைம்ஸோனையும் எழுதுங்க, குபர்னெட்டீஸ் 1.27லயே ஸ்டேபிள் ஆயாச்சு, எழுதலைன்னா க்ரான்ஜாப்பைக் கிளப்புற கண்ட்ரோலர் மேனேஜரோட நேரத்துலதான் ஓடும், அது பெரும்பாலும் யூடிசி. அபூர்வமா ஒரே ரன் ரெண்டு தடவை கிளம்பலாம், ஸ்கிரிப்ட் அதைத் தாங்கணும்.

அப்புறம், மாத்தினதும் பழைய டீமன்செட்டை டிலீட் பண்ணுங்க. பாதி பேர் அதை அப்படியே விட்டுட்டு, க்ரான்ஜாப் போட்டும் லோடு குறையலையேன்னு மறுபடி எனக்கே போன் பண்றாங்க.