வளையல் அல்ல, கால்தளை

'வீட்டுக்காவலில் இருந்தவர் கணுக்கால் வளையலைக் கழற்றியதால் சிறை' என்று ஒரு மொழிபெயர்ப்புச் செய்தி. படித்துவிட்டு என் அத்தை, "வளையலைக் கழற்றினதுக்கா ஜெயில்ல போடுவாங்க?" என்று கேட்டார். அந்தச் செய்தியைப் படிக்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆங்கிலத்தில் ஆங்க்கிள் பிரேஸ்லெட் (ankle bracelet). வீட்டுக்காவலிலோ பிணையிலோ இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று கண்காணிக்கக் கணுக்காலில் மாட்டும் மின்னணுக் கருவி. பிரேஸ்லெட் என்பதன் வேர், கையைக் குறிக்கும் லத்தீன் சொல். கையில் போடும் நகையின் பெயரைக் காலில் மாட்டும் கருவிக்கு வைத்தது ஆங்கிலேயர் வசதி. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? சிலர் இன்னும் ஒரு படி போய் 'மின்கொலுசு' என்கிறார்கள். கொலுசு ஆசையாகப் போட்டுக்கொள்வது, வேண்டாமென்றால் கழற்றி வைப்பது. இந்தக் கருவி நீதிமன்றம் மாட்டச் சொல்வது. கழற்றினால் காவல்துறைக்குத் தகவல் போகும்.

தமிழில் தளை என்ற சொல் இருக்கிறது. கட்டுவது தளை. யாப்பில் சீரோடு சீரைக் கட்டுவதும் தளைதான். ஆகவே கால்தளை, விளக்கமாகச் சொன்னால் கண்காணிப்புக் கால்தளை. புணர்ச்சி விதிப்படி 'காற்றளை' என்று வரவேண்டும் என்பார்கள். சரிதான், ஆனால் அப்படி எழுதினால் காற்றை அளப்பது போல இருக்கிறது. பிரித்தே எழுதுவோம்.

"தளை என்றால் இரும்புச் சங்கிலி, இது வெறும் பட்டை" என்று ஒரு நண்பர் வாதிட்டார். தளை என்பது செய்யும் வேலையின் பெயர், எதனால் செய்தது என்பதன் பெயர் அல்ல. "பிணையில் வந்தவருக்குத் தளை கடுமையான சொல்" என்றார் இன்னொருவர். கருவியே கடுமையானதுதானே! 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் காவல்துறை பிணையில் வந்த ஒருவரின் காலில் ஜிபிஎஸ் கருவியை மாட்டியது. 2024 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிணையில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை பின்தொடர வைக்கும் நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறுகிறது, அது ஒருவகை அடைப்பே என்று சொன்னது. அடைத்து வைப்பதற்கு வளையல் என்று பெயரா?

தண்டனையைப் பார்த்தாலும் இதுதான். உதாரணமாக, இத்தாலியில் வீட்டுக்காவலை மீறி வெளியேறினால் குற்றவியல் சட்டத்தின் 385-ஆம் பிரிவு பாயும். சிறையிலிருந்து தப்புவதற்கும் அதே பிரிவுதான், 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. வளையல், கொலுசு என்று எழுதுகிற மொழிபெயர்ப்பில் இந்தத் தண்டனை அநியாயமாகத் தெரிகிறது. தளையை அறுத்தார், காவலிலிருந்து தப்பினார் என்று எழுதினால் எதற்குத் தண்டனை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அப்புறம், ஹவுஸ் அரெஸ்ட் (house arrest) என்பதைச் சிலர் 'வீட்டுச் சிறை' என்று எழுதுகிறார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை வீட்டில் வைத்தால் அது சிறை ஆகாது. மனித உரிமைச் செயல்பாட்டாளர் கௌதம் நவ்லகாவின் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்குகளில் விசாரணைக் கால நீதிமன்றக் காவலை வீட்டிலேயே வைக்க உத்தரவிடலாம் என்றது. காவல் என்ற சொல் தீர்ப்பின் பொருளிலேயே இருக்கிறது. வீட்டுக்காவல் என்று எழுதினால் போதும்.