அபார்ஷன்: கலைந்ததும் கலைத்ததும்

ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றாள். பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பெண், கலியாணமாகி இரண்டு வருடம். எங்கள் கோயில் பங்கில் திருமண ஆயத்த வகுப்பு எடுக்கிறவள் என்பதால் இப்படி யாராவது என்னிடம் காகிதத்தை நீட்டுவது வழக்கம்தான். கவருக்குள் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ஒரு வரியில் விரலை வைத்தாள்: ‘மிஸ்ட் அபார்ஷன், ஒன்பது வாரம்.’

“அக்கா, நான் எதுவுமே பண்ணலக்கா. ஸ்கேன்ல துடிப்பு இல்லைன்னாங்க. அப்புறம் டிஎன்சின்னு கருப்பையைச் சுத்தம் பண்ணாங்க. இதுல அபார்ஷன்னு போட்டிருக்கு. அத்தை படிச்சிட்டு, நீ நன்மை வாங்கக் கூடாதுன்னுட்டாங்க.”

நன்மை என்றால் பூசையில் கொடுக்கும் நற்கருணை. அத்தை ஆங்கிலப் பள்ளியில் ஆயாவாக இருந்தவர். அபார்ஷன் என்று எழுதியிருந்தால் படிக்கத் தெரியும். அதற்கு முன்னால் இருந்த ‘மிஸ்ட்’தான் தகராறு. கருவின் துடிப்பு நின்றுபோயும் உடம்பு அதை உணராமல், வெளியே தள்ளாமல் வைத்திருப்பதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அது. பெங்களூரில் எத்தனையோ மருத்துவமனைக் காகிதங்களில் இந்தச் சொல் சாதாரணமாக வரும். மருத்துவ ஆங்கிலத்தில் தானாகக் கலைவதும் அபார்ஷன், கலைப்பதும் அபார்ஷன். இது புண்படுத்துகிறது என்று 1985இலேயே லண்டன் மகப்பேறு மருத்துவர்கள் சிலர் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். தானாகக் கலைவதை மிஸ்கேரேஜ் என்றே எழுதுவோம் என்பது அவர்கள் கோரிக்கை. நம்மூர்க் காகிதத்தில் பழைய பழக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொல்லின் ஊருக்குப் போய்ப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. லத்தீனில் ‘ஓரிரி’ என்றால் எழுதல், தோன்றுதல், பிறத்தல். சூரியன் எழும் திசைக்கு ஓரியன்ட் என்ற பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்துதான். அதற்கு முன்னால் ‘அப்’ என்ற விலகல் ஒட்டைச் சேர்த்தால் ‘அபோரிரி’: எழ வேண்டியது எழாமல் போதல். ஆக, பிறப்பிலேயே அது யாரும் யாருக்கும் செய்த காரியத்தைச் சொல்லும் சொல் அல்ல. நேர்ந்துபோனதைச் சொல்லும் சொல். செய்ததைச் சொல்ல லத்தீன்காரர்களுக்குத் தனியாக ஒரு வினை வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் அப்படித்தான் எழுதியிருக்கிறது: ‘குவி அபோர்த்தும் புரோக்குராத்’, அதாவது அபார்ஷனை முயன்று வருவிக்கிறவர். 1983 சட்டத் தொகுப்பில் 1398ஆம் எண்ணாக இருந்து, 2021 திருத்தத்துக்குப் பின் 1397ஆம் எண்ணின் இரண்டாம் பத்திக்குப் போன விதி இது. குற்றம் அந்தப் பெயர்ச்சொல்லில் இல்லை, ‘புரோக்குராத்’ என்ற வினையில் இருக்கிறது. ஆங்கிலம் வினையை உதறிவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. நாமும் ஆங்கிலத்திடமிருந்து அதை அப்படியே வாங்கிக்கொண்டோம்.

ஆனால் தமிழ்ப் பேச்சு சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. “அபார்ஷன் ஆயிடுச்சு” என்றால் ஒன்று, “அபார்ஷன் பண்ணிக்கிட்டா” என்றால் வேறு. ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் நம் வினையை ஒட்டி, ஆங்கிலம் தொலைத்ததை மீட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினைதான். கூட்டம் கலைந்தது, கூட்டத்தைக் கலைத்தார்கள். தூக்கம் கலைந்தது, தூக்கத்தைக் கலைத்தான். கரு கலைந்தது, கருவைக் கலைத்தார்கள்.

இதிலிருந்தே சரியான தமிழ்ச் சொற்களும் வந்துவிடும். சிதைதல் என்ற தன்வினையிலிருந்து வருவது சிதைவு. ஆகவே மிஸ்கேரேஜுக்குக் கருச்சிதைவு. கலைத்தல் என்ற பிறவினையிலிருந்து வருவது கலைப்பு. ஆகவே ஒருவர் முடிவெடுத்துச் செய்வதற்குக் கருக்கலைப்பு. ‘வு’வும் ‘ப்பு’வும் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் போட்டுத்தான் செய்ய முடியும். நம் செய்தித்தாள்கள் ‘கட்டாயக் கருச்சிதைவு’ என்று எழுதுவது எனக்கு உறுத்தும். சிதைவைக் கட்டாயப்படுத்த முடியாது, சிதைப்பைத்தான் முடியும். சட்டத்திலும் இதே வளைவு உண்டு: 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு, குற்றத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘மிஸ்கேரேஜை உண்டாக்குதல்’. சாதாரண ஆங்கிலத்தில் பாவமில்லாத சொல்லை அங்கே குற்றத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பரவாயில்லை, ‘உண்டாக்குதல்’ என்று வினையையாவது சேர்த்தார்களே.

பழைய தமிழிலும் வினைதான் பேசுகிறது. புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனிடம் கொடிய பாவங்களை அடுக்குகிறார். பசுவின் மடியை அறுத்தவர், அடுத்து ‘மாணிழை மகளிர் கருச்சிதைத்தோர்’. சிதைந்தோர் இல்லை, சிதைத்தோர். அவர் சொல்ல வந்தது இன்னொன்று: இவர்களுக்கெல்லாம்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்குத்தான் உய்வு இல்லை. கருவைச் சிதைத்தல் கொடும்பாவங்களின் வரிசையில் நிற்கிறது, ஆனாலும் கழுவ முடிந்த பாவமாக நிற்கிறது. வகுப்பில் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது பற்றிப் பேசும்போதெல்லாம் ‘கழுவாய்’ என்ற இந்தச் சொல் எனக்கு ஞாபகம் வரும். பரிகாரம் என்பதைவிட ஈரமான சொல்.

சரி, வேதாகமத்துக்கு வருவோம். புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் 21:22: இரண்டு பேர் சண்டை போடும்போது கர்ப்பவதிக்கு அடிபட்டு ‘கர்ப்பம் விழுந்துபோனால்’ அடித்தவன் தண்டம் கட்ட வேண்டும். விழுந்துபோனால் என்று தன்வினை. எபிரேய மூலமும் பிள்ளைகள் ‘வெளியே வந்தால்’ என்கிறது. உயிரோடு வந்ததா, இறந்து வந்ததா என்று சொல்லவில்லை. இதைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது உள்ளே ஒரு புது வேறுபாடு நுழைந்தது: உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு. உருப்பெறாதது என்றால் தண்டம், உருப்பெற்றது என்றால் உயிருக்கு உயிர். அந்த ஒரு மொழிபெயர்ப்பின் நிழல் நூற்றாண்டுகளுக்கு நீண்டது. திருச்சபையின் பழைய இறையியலாளர் அகுஸ்தீனார் அந்த வேறுபாட்டைக் கையாண்டார். இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி ஆன்மா பிறகுதான் வருகிறது என்று கருதினார். இருவருமே கலைப்பைச் சரி என்று சொல்லவில்லை. எந்த நாளிலிருந்து அது கொலை என்பதில்தான் கணக்கு. நான்காம் நூற்றாண்டிலேயே ஆயர் புனித பசிலியார், உருப்பெற்றதா பெறாததா என்று நூல் பிடித்துப் பார்க்கும் வேலை நம்மிடம் இல்லை என்று எழுதி, பத்து வருடத் தவம் விதித்தார். கத்தோலிக்கத் தண்டனைச் சட்டத்தில் அந்த வேறுபாடு நிரந்தரமாக ஒழிந்தது 1869இல், போப் ஒன்பதாம் பயஸ் காலத்தில்.

தமிழ்ச் சொல் ‘கரு’ இந்தச் சண்டையில் சிக்கவே இல்லை. முட்டைக்குள் இருப்பதும் கரு, கதைக்குள் இருப்பதும் கரு, சாமி இருக்கும் இடம் கருவறை. எத்தனை வாரம் என்று கேட்காத சொல். ‘என் கருவை உம்முடைய கண்கள் கண்டது’ என்ற 139ஆம் சங்கீதத்தின் வரி தமிழில் அவ்வளவு இயல்பாக உட்காருவதற்கு இதுவும் காரணம்.

இனி கடினமான இடம். கலைந்தது, கலைத்தது என்ற இரண்டு பெட்டிகளில் அடங்காத சமயங்கள் உண்டு. குழாய்க் கர்ப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரு கருப்பைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் குழாய் வெடித்துத் தாய் சாகலாம். கெட்டுப்போன குழாயையே அறுத்து எடுத்தால் கத்தோலிக்க அறநெறியாளர்கள் ஏற்கிறார்கள்: நோக்கம் தாயின் நோயைத் தீர்ப்பது, கருவின் இழப்பு முன்பே தெரிந்தாலும் நாடப்பட்டது அல்ல. தோமா அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்த இரட்டை விளைவு வாதம் இது. மருந்து கொடுத்துக் கருவை மட்டும் அகற்றலாமா என்றால் அங்கே அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். கருப்பையில் புற்றுநோய் வந்தாலும் இதே நியாயம்தான். போப் இரண்டாம் ஜான் பால் 1995இல் வெளியிட்ட சுற்றுமடலிலும் கண்டிக்கப்படுவது வேண்டுமென்றே, நேரடியாகச் செய்யப்படும் கருக்கலைப்பு. ‘நேரடியாக’ என்ற அந்த ஓர் அடைமொழியின் மேல்தான் மொத்தப் பாரமும்.

அந்த அடைமொழியை மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெலகாவியைச் சேர்ந்த சவிதா ஹலப்பனவர், பல் மருத்துவர், 31 வயது. அயர்லாந்தின் கால்வேயில் 17 வாரக் கர்ப்பத்தோடு மருத்துவமனைக்குப் போனார். கரு பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கணவனும் மனைவியும் கலைத்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். கருவின் துடிப்பு இருக்கும்வரை முடியாது என்றது பதில். இது கத்தோலிக்க நாடு என்று ஒரு செவிலியர் சொன்னதும் விசாரணையில் வந்தது. 2012 அக்டோபர் 28ஆம் தேதி உடம்பெங்கும் கிருமி பரவி இறந்தார். தாயைவிடக் கருவின் உயிர் மேல் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை என்று அடுத்த மாதமே ஐரிஷ் ஆயர்கள் அறிக்கை விட்டார்கள். அயர்லாந்துச் சட்டமும், நோய் முற்றியதைக் கவனிக்கத் தவறியதும் சேர்ந்துதான் அவரைக் கொன்றன. ஆனாலும் சிதைந்துகொண்டிருந்த கருவை, கலைப்பு என்ற ஒரே சொல்லால் எல்லோரும் பார்த்தார்கள் என்று எனக்குப் படுகிறது. 2018இல் அங்கே வாக்கெடுப்பு நடந்து, 66.4 சதவீதம் பேர் கருக்கலைப்புக்கு இருந்த பழைய தடையை நீக்க வாக்களித்தார்கள்.

வன்புணர்ச்சி, சிசுவின் கடும் ஊனம் ஆகியவற்றில் சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டுக்கும் விதிவிலக்கு தருவதில்லை. 2009இல் பிரேசிலில் மாற்றாந்தந்தையால் கெடுக்கப்பட்டு இரட்டைக் கரு தாங்கிய ஒன்பது வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்பு நடந்தபோது, அவள் தாயும் மருத்துவர்களும் திருச்சபை விலக்குக்கு, அதாவது சபையிலிருந்து தள்ளிவைக்கும் தண்டனைக்கு ஆளானார்கள் என்று அவ்வூர்ப் பேராயர் அறிவித்தார். வத்திக்கான் நாளிதழிலேயே இன்னொரு பேராயர், முதலில் அந்தக் குழந்தையை அணைத்திருக்க வேண்டும் என்ற தொனியில் எழுதினார். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் மனம் போகிறது. இங்கிலாந்துத் திருச்சபை கருக்கலைப்பைக் கொள்கையளவில் எதிர்க்கிறது. ஆனால் மிகக் குறுகிய சில நிலைமைகளில் வேறு வழிகளைவிட அதுவே மேலாக இருக்கலாம் என்கிறது. இன்று கடுமையாக எதிர்க்கும் அமெரிக்கத் தென் பாப்டிஸ்டுகள் 1971இல் வன்புணர்ச்சி, கடும் ஊனம், தாயின் உடல்நலம், மனநலம் இவற்றுக்கு இடம் தரச் சொல்லித் தீர்மானம் போட்டவர்கள். ஜெர்மானிய லூத்தரன் போதகர் போன்ஹோஃபர் அதைக் கொலை என்றே எழுதினார். ஆனால் வறுமையும் நிராசையும் தள்ளிச் செய்ததானால் குற்றம் அந்தத் தாயைவிடச் சமூகத்தின் மேல்தான் அதிகம் விழலாம் என்றும் சேர்த்தார். மறுபடியும் அதே கேள்வி: வினைக்கு எழுவாய் யார்?

பிரசங்கங்களில் ‘கருக்கொலை’ என்று கேட்கிறோம். நம்புகிறவர் சொல்லட்டும். ஆனால் அது பெயர் அல்ல, தீர்ப்பு. தவிர, திருச்சபைச் சட்டமே அவ்வளவு அவசரப்படுவதில்லை: பதினாறு வயது நிரம்பாதவளுக்குத் தண்டனை இல்லை, கடும் அச்சத்தில் செய்தவள் மேல் விலக்கு தானாக விழுவதும் இல்லை. 2016 நவம்பரிலிருந்து எந்தக் குருவும் இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்கலாம் என்று போப் பிரான்சிஸ் அனுமதி கொடுத்தார்.

இரட்டை விளைவுச் சிகிச்சைக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. ‘கருவிழப்பு’ சரியாக வரும் என்று நினைக்கிறேன். இழத்தல் தானாக நடந்ததும் அல்ல, வேண்டிச் செய்ததும் அல்ல. நம் நாட்டு 1971 சட்டத்தின் கீழ் செய்வதற்கு மருத்துவக் கருக்கலைப்பு என்பது போதும்; மருத்துவமனையில் எப்படியும் எம்டிபி (மெடிக்கல் டெர்மினேஷன் ஆஃப் பிரெக்னன்சி) என்றுதான் சொல்வார்கள். கன்னடப் படிவத்தில் ‘கர்ப்பபாத’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பாதம் என்றால் இங்கே விழுதல், யாத்திராகமத்தில் விழுந்த அதே விழுதல். ஆயுர்வேதத்தில் நான்கு மாதம் வரை ஸ்ராவம், அதன் பிறகு பாதம் என்று வேறு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணோடு ஃபாதரிடம் போனோம். காகிதத்தைப் பார்த்தவர், “இதுக்கு எதுக்கும்மா பாவசங்கீர்த்தனம்? உடம்பு தேறிடுச்சா?” என்று மட்டும் கேட்டார். நான் அந்த ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் கருச்சிதைவு என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அத்தையே என்னைத் தேடி வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“ஏம்மா, இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானா?”

“மிஸ்கேரேஜ்னு ஒண்ணு இருக்கும்மா. டாக்டர்தான் எழுதல.”

“எழுதியிருக்கலாம்ல” என்றார்.