விடை உள்ளயே இருக்கா, வெளிய போயிடுச்சா? கோட் எழுதுறவங்களுக்கு ஒரு பழைய கணக்குப் பாடம்

கோட் ரிவ்யூ பண்றதுதான் என் வேலைல பாதி. அதுல நம்பர் சம்பந்தமா வர்ற பக் எல்லாத்தையும் கிளறிப் பாத்தா பெரும்பாலும் ஒரே இடத்துலதான் போய் நிக்கும், ஸ்கூல்ல அடைவுப் பண்புன்னு படிச்சோமே, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு அப்படியே விட்டுட்டோமே, அதேதான்.

ஒரு கணத்துலேந்து (அதாவது செட்டுலேந்து) எந்த ரெண்டு எண்ணை எடுத்து கணக்கு போட்டாலும் விடை அதே கணத்துக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். இயல் எண்கள் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் ஓகே, 3 − 5 வந்தா காலி. முழுக்கள்ல கழித்தல் ஓகே, ஆனா 7-ஐ 2-ஆல வகுத்தா வெளிய போயிடும். விகிதமுறு எண்கள் நாலுக்கும் ஓகேன்னு நிறைய பேர் சொல்வாங்க, பூஜ்ஜியம் உள்ள இருக்குற வரைக்கும் வகுத்தலுக்கு அது செல்லாது. விகிதமுறா எண்கள் இன்னும் மோசம், √2-ஐ √2-ஆல பெருக்கினா 2, √2-வோட −√2-ஐ கூட்டினா 0. இல்லன்னு காட்ட ஒரு உதாரணம் போதும், இருக்குன்னு சொல்ல ஆயிரம் உதாரணம் போட்டாலும் பத்தாது (டெஸ்ட் எல்லாம் பாஸ்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்).

இப்ப மெஷினுக்கு வருவோம். இன்ட்-னு (முழு எண்ணுக்கான டைப்) போட்டதும் முழுக்கள் மொத்தமும் கைல இருக்குன்னு நினைச்சுக்கறோம், ஆனா 32 பிட்ல −2147483648-லேந்து 2147483647 வரைக்கும்தான் இருக்கு. ஜாவால அந்தக் கடைசி நம்பரோட 1 கூட்டுங்க, எர்ரர் எதுவும் வராது, −2147483648 வரும். இதுல வேடிக்கை என்னன்னா மெஷின் கணக்குப்படி அடைவு உடையவே இல்ல, விடை உள்ளதான் இருக்கு! கடிகாரத்துல 11 மணியோட 3 மணி நேரம் கூட்டினா 2 வர்ற மாதிரி, கணத்தைக் காப்பாத்துறதுக்காக கூட்டலையே மாத்திடுச்சு. நாம மனசுல வச்சிருந்த கூட்டல் வேற, அங்க நடந்தது வேற. அதே −2147483648-க்கு ஜாவால ஆப்ஸ் (மைனஸை எடுத்துட்டு அளவை மட்டும் தர்ற ஃபங்ஷன்) போட்டா மைனஸ் போகாம அதே நம்பர் திரும்பி வரும், ஏன்னா 2147483648-க்கு அங்க இடமே இல்ல.

பைனரி சர்ச்ல, அதாவது வரிசையா அடுக்கினதை பாதி பாதியா வெட்டித் தேடுறதுல, நடு இடத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு முனையையும் கூட்டி 2-ஆல வகுப்போமே, ஜாவாவோட சொந்த லைப்ரரிலயே பல வருஷமா அப்படித்தான் இருந்துச்சு, 2006-ல அந்தக் கோடை எழுதின ஜோஷுவா ப்ளாக்-ங்கறவரே அதுல இருக்குற தப்பைப் பத்தி எழுதினப்பதான் நிறைய பேருக்கு உறைச்சுது. அர்ரேல 107 கோடிக்கு மேல இருந்தா அந்தக் கூட்டலே நெகட்டிவ் ஆயிடலாம். மேல் முனைலேந்து கீழ் முனையக் கழிச்சு, பாதியாக்கி, கீழ் முனையோட கூட்டினா பிரச்சனை இல்ல.

0.1 + 0.2 போட்டா சரியா 0.3 வராத கதையை இதோட சேக்காதீங்க, மெஷின் வச்சிருக்குற தசம எண்களோட கணத்துக்குள்ள 0.1-ஏ கிடையாது, உள்ள வரும்போதே ரவுண்ட் ஆயிடுது.

ஜாவால ஆட்எக்ஸாக்ட்-னு கூட்டலுக்கு ஒரு ஃபங்ஷன் இருக்கு, விடை வெளிய போனா எக்ஸப்ஷன் அடிக்கும், சந்தேகம் உள்ள இடத்துல அதைப் போடுங்க. பைத்தான்ல இன்ட் தேவைக்கு வளந்துக்கும், அதனால கூட்டல் கழித்தல் பெருக்கல்ல பயமில்ல, வகுத்தல்லதான் பாக்கணும், பைத்தான் 3-ல 6 / 3 கூட 2.0-னு வேற டைப்ல வரும். முழுக்குள்ளயே நிக்கணும்னு ரெண்டு ஸ்லாஷ் போட்டா −7-ஐ 2-ஆல வகுத்து −4 தரும், ஜாவால அதே வகுத்தல் −3. ரெண்டு பேரும் முழுக்குள்ளயேதான் நிக்கிறாங்க, ஆனா வகுத்தல் ஆளுக்கு ஒண்ணு. ஒரு மொழிலேந்து இன்னொரு மொழிக்கு கோடை மாத்துறவங்க நெகட்டிவ் வரக்கூடிய வகுத்தல் வரிகளை முதல்ல தேடிப் பாருங்க.