செவ்விளநீரும் மறை 70 மில்லிவோல்ற்றும்

"அம்மப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். செவ்விளநீர் குடிக்கக் கூடாது எண்டு கிளினிக்ல சொல்லிட்டாங்க. அதில இருக்கிற பொற்றாசியம் நரம்புக்குத் தேவைதானே, ஏன்?" களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர உயிரியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். விடை அவருடைய பாடத்திலேயே இருக்கிறது.

ஓய்விலிருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையாக இருக்கும். கலத்தைச் சூழ்ந்த மென்சவ்விலுள்ள சோடியம்–பொற்றாசியம் பம்பி 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொற்றாசியத்தை உள்ளெடுப்பதே காரணம் என்று பரீட்சையில் பலர் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு நேரடியாகத் தருவது சில மில்லிவோல்ற்று மட்டுமே. உவாபெயின் என்ற நஞ்சைக் கொடுத்துப் பம்பியை நிறுத்தினால் உடனே குறைவது அவ்வளவுதான். பம்பியின் பெரிய வேலை செறிவு வித்தியாசத்தைக் காப்பது: பொற்றாசியம் உள்ளே லீற்றருக்கு 140 மில்லிமூல், வெளியே 4.

இந்த மின்னழுத்தத்தை உண்டாக்குவது கசிவு. ஓய்விலும் திறந்திருக்கும் கால்வாய்களால் பொற்றாசியம் வெளியே நழுவுகிறது. புரதம், பொசுபேற்று போன்ற மறையேற்றங்கள் கூடப் போக முடியாமல் உள்ளே நின்றுவிடுகின்றன. மிஞ்சிய மறையேற்றம் பொற்றாசியத்தைத் திரும்ப இழுக்கும். செறிவு வித்தியாசத்தின் தள்ளலும் இந்த இழுப்பும் சமனாகும் இடம், அதைக் கணிக்கும் நேர்ன்ஸ்ற் சமன்பாட்டின்படி, −95 மில்லிவோல்ற்று.

இதற்கு எத்தனை அயன்கள் வெளியேற வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், சுவையே அங்குதான். மென்சவ்வின் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 மைக்கிரோபரட். 20 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள கோளக் கலமென்றால், 70 மில்லிவோல்ற்றுக்கு 55 இலட்சம் அயன்கள் போதும். கலத்திலுள்ள பொற்றாசியத்தில் அது 60,000இல் ஒரு பங்குகூட இல்லை! செறிவை அளந்தால் மாற்றமே தெரியாது.

சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிகிறது. அதன் சமநிலை +67 மில்லிவோல்ற்று. கால்வாய்கள் குறைவென்பதால் அதன் இழுப்புச் சிறிது. ஆகவே −95 போகாமல் −70இல் நிற்கிறது.

இனி இளநீர். 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொற்றாசியம். குருதித் திரவவிழையத்தில் (குருதியின் நீர்ப்பகுதியில்) உள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். நல்ல சிறுநீரகம் மிகுதியைச் சிறுநீரில் விட்டுவிடும். பழுதானது விடாது. கலத்துக்கு வெளியே லீற்றருக்கு 4 மில்லிமூல் என்பது 8 ஆனால் பொற்றாசியச் சமநிலை −95இலிருந்து −76க்கு ஏறும். இதயத் தசை −90ஐ ஒட்டி ஓய்வதால் அடி அங்கேதான் பலமாக விழும். மின்னழுத்தம் இப்படி ஏறியே நின்றால் சோடியக் கால்வாய்கள் செயலிழந்து பூட்டிக்கொள்ளும். மென்சவ்வு மறுபடி மறையாகும்வரை திறக்கா. தசை சோரும், ஈ.சி.ஜி.யில் ரீ (T) அலை கூராக எழும், துடிப்பே நின்றுபோகலாம். 'இளநீர் கிட்னியைக் கழுவும்' என்று பேஸ்புக்கில் பகிர்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பொற்றாசியம் இப்படிக் கூடியவருக்கு வைத்தியசாலையில் முதலில் ஏற்றும் கல்சியம் குளுக்கோனேற்று பொற்றாசியத்தைத் துளியும் குறைக்காது. இதயக் கலங்கள் தாறுமாறாகத் தூண்டப்படாமல் சிறிது நேரம் காக்கும். அதற்குள் இன்சுலினைக் குளுக்கோசோடு கொடுப்பார்கள். இன்சுலின் முடுக்கிவிடுவது அந்தச் சோடியம்–பொற்றாசியம் பம்பியைத்தான். பொற்றாசியம் கலங்களுக்குள் போகும். சில மணி நேரத்தில் அது திரும்பக் கசியும் என்பதால், உடலைவிட்டே அகற்ற டயலிசிஸ் வேண்டியிருக்கும்.