வேட்டைப் பை வாங்குகிறீர்களா? முதலில் இடுப்புப் பட்டையைப் பாருங்கள்

வேட்டைப் பருவம் முடிந்ததும் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் சொல்லும் தொந்தரவுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கையைத் தூக்கினால் தோள் இழுக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது. எவ்வளவு எடை சுமந்தீர்கள், எந்தப் பையில் சுமந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும், ஒரு நாள் நடைக்கென்று வாங்கிய மெல்லிய முதுகுப்பையாக இருக்கும். திரும்பும்போது அதிலேயே இறைச்சியையும் திணித்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

காலையில் கிளம்பும்போது தண்ணீர், சாப்பாடு, மழைச்சட்டை, கத்தி, டார்ச், முதலுதவிப் பொருட்கள் என்று ஆறேழு கிலோ இருக்கும். அதற்கு எந்தப் பையும் போதும். வேட்டை கைகூடிவிட்டால் கதை மாறிவிடுகிறது. நடுத்தர அளவுள்ள ஒரு மானில் எலும்பு நீக்கிய இறைச்சியே 20 முதல் 30 கிலோ வரை வரும். எல்க் போன்ற பெரிய விலங்கென்றால் 100 கிலோவைத் தொடலாம். அதை ஒரே ஆள் ஒரே நடையில் கொண்டுவர நினைக்கவே கூடாது. ஆக, நீங்கள் வாங்கும் பை காலையில் லேசாகவும் இருக்க வேண்டும், மாலையில் அந்த எடையையும் தாங்க வேண்டும்.

குறைந்த விலையில் இப்படி ஒரு பை கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இலை தழை அச்சிட்ட துணி, பத்துப் பன்னிரண்டு பாக்கெட்டுகள், பிரபலமான பெயர் ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். பையை விறைப்பாக நிறுத்தும் சட்டமான ஃபிரேமிலும் இடுப்புப் பட்டையிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்திலிருந்து இறங்கி, காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள குறுகிய வழியாகத்தான் போகின்றன. முழு எடையும் தோள் பட்டையில் தொங்கினால் அந்த இடம் மணிக்கணக்கில் நசுங்கும். கை மரத்துப்போவது, பிடி தளர்வது, சிலருக்குத் தோள்பட்டை எலும்பு பின்னால் புடைத்துக்கொண்டு நிற்பது எல்லாம் இதனால் வரக்கூடியவை. பளு சுமந்து நடக்கும் ராணுவ வீரர்களிடமும் மலையேறுபவர்களிடமும் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவரும் பாதிப்பு இது.

எடை இடுப்பெலும்பில் உட்கார்ந்தால் அதைக் கால்கள் தாங்கிக்கொள்ளும். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் மேடாக ஓர் எலும்பு விளிம்பு தட்டுப்படும். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி சரியாக அந்த விளிம்பின் மேல் அமர வேண்டும். மேலே ஏறினால் வயிற்றை இறுக்கி மூச்சு முட்டும். கீழே சறுக்கினால், முன்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பு முனைக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு தோல் நரம்பு அழுந்தும். தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது என்று சொல்கிறவர்கள் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான். மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்று பெயர். அழுத்தம் விலகினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அதற்காக அதே பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

பட்டை மட்டும் தடிமனாக இருந்தால் போதாது. எடையைத் தோளிலிருந்து பட்டைக்கு இறக்க ஃபிரேம் வேண்டும். கடையில் பையைத் தரையில் நிறுத்தி, மேற்பகுதியை உள்ளங்கையால் பலமாகக் கீழே அழுத்துங்கள். பை மடங்கிச் சரிந்தால் முப்பது கிலோவுக்கு அது உதவாது. விறைப்பாக நின்றால் உள்ளே அலுமினியப் பட்டிகளோ கெட்டியான தகடோ இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், உயரத்தை வைத்து அளவு தேர்ந்தெடுக்காதீர்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து இடுப்பு விளிம்பின் மட்டம் வரை அளந்தால் வருவதுதான் உங்கள் முதுகின் நீளம். ஒரே உயரமுள்ள இருவருக்கு இது நன்றாகவே வேறுபடும். முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

வெறும் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. கேன்களைத் துணியில் சுற்றி, பையில் ஏற்றிக் கட்டுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்பைப் பூட்டி இறுக்குங்கள். பிறகு தோள் பட்டை, அதற்கு மேலே பையை முதுகோடு இழுத்துப் பிடிக்கும் சிறு பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. இப்போது தோள் பட்டைக்கு அடியில் விரல்களை நுழைத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் எடை இடுப்புக்குப் போய்விட்டது. கால் மணி நேரம் நடங்கள், படி ஏறி இறங்குங்கள். இடுப்புப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவுகிறதென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பை வேண்டாம்.

கொள்ளளவு 30, 40 லிட்டர் இருந்தாலே ஒரு நாளுக்குத் தாராளம். இறைச்சிக்கு இடம் வேண்டுமே என்று பெரிய பையாக வாங்கத் தேவையில்லை. ஃபிரேமிலிருந்து பை தனியாக விலகி, நடுவில் இறைச்சியை வைத்துக் கட்டும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எடை முதுகை ஒட்டி நிற்கும், ரத்தமும் மற்ற சாமான்களில் படாது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வருகிற உயரத்தில் கட்டினால் நல்லது. அடியில் தொங்கவிட்டால் பை பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள், நடுமுதுகு வலிக்கத் தொடங்கும். இறைச்சி மென்மையானது, நடக்க நடக்கப் படிந்து இறங்கும். அதனால் குறுக்குப் பட்டைகள் பலமாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிரு முறை நின்று மறுபடி இறுக்கவும் வேண்டும். எலும்பை நீக்கினால் எடை குறையும், இறைச்சியும் சீக்கிரம் ஆறும். பிளாஸ்டிக்கில் சுற்றினால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கிக் கெட்டுவிடும். காற்றுப் போகும் துணிப்பையில் கட்டி, முடிந்தவரை ஆறவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

பழைய பை கிடைத்தால் தயங்க வேண்டாம். வெளிப்புற அலுமினிய ஃபிரேம் உள்ள பழைய பைகள் பளு சுமக்கப் பிரமாதமானவை. பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா, தோள் பட்டை ஃபிரேமோடு சேரும் இடத்தில் தையல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புப் பட்டையின் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நல்ல பை கிடைத்துவிட்டது என்பதற்காக எடையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பழக்கமில்லாதவர்களுக்கு உடல் எடையில் கால் பங்கே பெரிய சுமை. இரண்டு நடை போகலாம், துணைக்கு ஒருவரை அழைக்கலாம். இறக்கத்தில் முழங்காலுக்கு மேலே உள்ள தசைகள்தான் முதலில் தளரும், ஊன்றுகோல் இரண்டு இருந்தால் பெரிய உதவி. பையைத் தரையிலிருந்து வெட்டி இழுத்து ஒரு தோளில் வீசி மாட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். திடீர் முதுகுப் பிடிப்புக்கு அந்த ஒரு அசைவே போதும். மேடான பாறையிலோ விழுந்த மரத்திலோ பையை வைத்து, அதன் முன் உட்கார்ந்து பட்டைகளைப் பூட்டி, முன்னால் சாய்ந்து கால்களால் எழுந்திருங்கள். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டுத்தான் சுமக்கத் தொடங்க வேண்டும். சுமையின் மேல் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கட்டினால் மற்ற வேட்டைக்காரர்கள் உங்களை விலங்கென்று நினைத்துவிட மாட்டார்கள்.

நடுவழியில் கை மரத்தால் உடனே பையை இறக்கிவிட்டு, உணர்வு முழுதாகத் திரும்பிய பிறகு பட்டைகளைச் சரிசெய்து ஏற்றுங்கள். பையை இறக்கிய பிறகும் மறுநாள்வரை கையில் பலவீனம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகுவலியோடு தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.