வட்டி என்று எழுதாவிட்டாலும் வட்டிதான்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளேதான் நடக்கிறது. லோரிக்கு முன்பணம், கேட்டரிங் தொழிலுக்கு அண்டா அடுப்பு, கடை வாடகை என்று பேங்க் கொடுக்காத பணத்தை அத்தையோ சின்னம்மாவோ கொடுக்கிறார்கள். பால்மரம் சீவியும் செம்பனைப் பழம் பொறுக்கியும் சேர்ந்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் அது. 55 வயதில் கைக்கு வரும். வந்த சூட்டோடு கேட்டு ஆளும் வந்துவிடும்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான ஓர் அம்மா தன் அக்கா மகனுக்கு 30,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார். பழ லோரி வாங்கத்தான். ‘நட்புக் கடன் ஒப்பந்தம்’ என்று ஒரு தாள் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, முத்திரைத் தீர்வையும் கட்டியிருந்தார்கள். அசலை இரண்டு வருஷம் கழித்துத் தருவது. அதுவரை மாதம் 600 வெள்ளி ‘அன்பளிப்பு’. சில மாதங்கள் ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றது. “அவன் எழுதிக் கொடுத்ததைத்தானே, லாயர், நான் கேட்கிறேன்?” என்று அந்த அம்மா பையிலிருந்து கடைக்கணக்கு எழுதும் சின்ன 555 நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி, 600, பக்கத்தில் அக்கா மகனின் சிறுகையெழுத்து. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்பது அவர் நம்பிக்கை.

சிக்கல் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது.

1951ஆம் ஆண்டின் வட்டிக்குப் பணம் கொடுப்போர் சட்டம், அசலுக்கு மேல் கடனுக்காக வாங்கும் எந்தத் தொகையையும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், வட்டி என்றே கொள்கிறது. லாபப் பங்கு, அன்பளிப்பு, எண்ணெய்ச் செலவு எல்லாம் ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாதவர் வட்டித் தொழிலாகக் கொடுத்த கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்கிறது 15ஆம் பிரிவு. “நான் என்ன ஆலோங்கா (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரரா)? ஒரே ஒருத்தனுக்குத்தானே கொடுத்தேன்” என்பார்கள். அதற்கும் ஒரு பிரிவு உண்டு. வட்டியோடு ஒரே ஒரு கடன் கொடுத்தது நிரூபணமானாலும், அவர் வட்டித் தொழில் செய்கிறார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கடன் கொடுத்தவர் தலையில் விழும். மாதம் 600 என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்காரரே அடமானம் இல்லாத கடனுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

இது ஏட்டளவில் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2023இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த ட்ரிப்பிள் ஜெஸ்ட் வழக்கில், 800,000 வெள்ளி ‘நட்புக் கடனுக்கு’ இன்னொரு 800,000 வெள்ளி ‘ஒப்புக்கொண்ட லாபம்’ என்று எழுதியிருந்தார்கள். நீதிமன்றம் தாளின் தலைப்பை விட்டுவிட்டுப் பணம் போய் வந்த விதத்தைப் பார்த்தது. கடன் கொடுத்தவர் தோற்றார். அது கம்பெனிகளுக்கு இடையிலான வழக்கு. நம் ஊர் அத்தைக்கும் அதே சட்டம்தான்.

அசலையாவது மீட்கலாமே என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 66ஆம் பிரிவை வைத்து வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அது தனிப் போராட்டம். அதை நம்பி யாரும் பணம் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் நடத்தினார் என்று குற்றமே சாட்டப்பட்டால், அபராதம் 250,000 வெள்ளியில்தான் தொடங்கும். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைசியில் வழக்குப் போடாமல், வாங்கிய அன்பளிப்பை அசலில் கழித்து, மிச்சத்தைத் தவணையாகக் கட்டும்படி குடும்பத்தை உட்கார வைத்துப் பேசி முடித்தோம்.

இதைக் கேட்டுவிட்டு யாருக்கும் கடன் கொடுக்கவே கூடாது என்று முடிவு கட்டாதீர்கள். வட்டி இல்லாத நட்புக் கடன் முழுக்கச் செல்லும். ரொக்கமாகக் கொடுக்காமல் பேங்க் வழியே அனுப்புங்கள். தொகை, திருப்பித் தரும் தேதி, கையெழுத்து இருந்தால் போதும். லாபத்தில் பங்கு வேண்டுமென்றால் நிஜமாகவே கூட்டாளியாகச் சேருங்கள். அப்போது நட்டத்திலும் பங்கு வரும். கூட்டுப் பணத்தின் பலம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல், நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன்தானே தொழிலாளர்களின் சிறு சிறு சந்தாவைக் கொண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் வாங்கினார்!

அடுத்தது காலக்கெடு. ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 6 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். “தீபாவளிக்குள் பார்க்கலாம் சின்னம்மா” என்ற வாய்ப்பேச்சு அந்தக் கணக்கை நிறுத்தாது. கெடு முடிவதற்குள் கடன்காரர் கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, 6 வருஷம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். 100 வெள்ளி என்றாலும் பேங்க் வழியாக வாங்குங்கள்; தேதி பதிவாகும். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். மின்வணிகச் சட்டம் 2006 வந்த பிறகு, மின்செய்தி என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது.

தீர்ப்பு கிடைத்தால் பணமும் கிடைத்த மாதிரி என்று நினைப்பவர்கள் நிறைய. 100,000 வெள்ளி வரையிலான வழக்குகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே விசாரிக்கும். தீர்ப்பு வாங்குவது அவ்வளவு கடினமில்லை. வசூலிப்பதுதான் பாடு. 30,000 வெள்ளிக்காக ஒருவரைத் திவாலாக்க முடியாது. 2020இலிருந்து அதற்குக் குறைந்தது 100,000 வெள்ளிக் கடன் வேண்டும். லோரியை ஜப்தி செய்யலாம் என்று போனால், அது இன்னும் வாடகைக் கொள்முதல் கடனில் இருக்கும், உரிமை பேங்கிடம். பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே லோரியின் கிராண்டை (வாகனப் பதிவுச் சான்றை) வாங்கி, அதில் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.